மரத்தில பேர் அடிக்கக் குடுக்க முன்னம் எழுத்தைப் பாருங்கோ

மரப்பலகையில லேசரால பேர், போட்டோ எல்லாம் அடிச்சுக் குடுக்கிற வேலை இப்ப கொழும்பில நல்லாப் பரவிட்டுது, நானும் வெள்ளவத்தையில வீட்டோட சேர்ந்த சின்ன அறையில அதைத்தான் செய்யிறன். வாறவை முதல் கேக்கிறது என்ன மரம், என்ன விலை. எழுத்தைப் பற்றிக் கேக்கிறவை குறைவு. எனக்கெண்டா அந்தப் பரிசின்ர உயிரே எழுத்துத்தான்.

மரத்தைச் சுருக்கமாச் சொல்லிடுறன். எனக்குப் பிடிச்சது றப்பர் மரம், 25, 30 வருஷம் பால் எடுத்து முடிஞ்சு தறிக்கிற மரம், வெளிர் நிறம், எரிஞ்ச இடம் கறுப்பா எடுப்பாத் தெரியும். பலா புதுசில மஞ்சளா இருந்தாலும் வருஷம் போகப் போகக் கருத்திடும், அதால அதில ஆழமா அடிக்கோணும். பலா, ஈரப்பலா, பெண்பனை தறிக்கிறதுக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேணும், நான் மொறட்டுவைப் பக்கம் தளபாடப் பட்டறைகளில மிஞ்சிற துண்டுகளைத்தான் வாங்கிறன். பைன் பலகையில முகம் அடிக்கச் சொல்லிக் கேக்காதேங்கோ, அதில மெத்தென்ற வரியும் இறுகின வரியும் மாறி மாறி வரும், மெத்தென்ற இடம் கூட எரிஞ்சு கன்னத்தில கோடு கோடா விழும்.

இப்ப எழுத்துக்கு வாறன். பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட்டில டைப் பண்ணி அனுப்பினா, அந்த ஃபொன்ட் இல்லாத கொம்பியூட்டரில வெறும் இங்கிலீஷ் எழுத்தும் காற்புள்ளியுமாத்தான் தெரியும். எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான யூனிகோட் எழுத்தில அனுப்பினாலும் சில சொஃப்ட்வெயார் 'கொ' எண்டதில கொம்பைக் கொண்டுபோய் ககரத்துக்குப் பின்னால நிப்பாட்டும், தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருத்தர் மெஷினில நிண்டா அது அப்பிடியே மரத்தில போயிடும். அதால நான் இங்க்ஸ்கேப் எண்ட வரையிற சொஃப்ட்வெயாரில எழுதி, 'பாத்' (path) எண்ட கோட்டு வடிவமாக்கி, பிறகுதான் லேசர் சொஃப்ட்வெயாருக்குள்ள எடுக்கிறன், பாத் ஆக்கினா அது வெறும் கோடு, எங்க கொண்டுபோனாலும் உடையாது.

அளவும் முக்கியம். ண, ஞ, இ மாதிரி சுழி உள்ள எழுத்துகளை நல்லாச் சின்னனாக்கினா சுழிக்குள்ள இருக்கிற மரமும் சேர்ந்து கருகி அடைச்சிடும், புள்ளி காணாமப் போகும், கண்ணன் 'கணணன' ஆகிடுவார். கீசெயினில முழுப்பேர், ஊர், திகதி எல்லாம் வேணுமெண்டு வாறவையிட்ட, பேரை மட்டும் வடிவாப் போடுவம் எண்டு கெஞ்சித்தான் சம்மதிக்க வைப்பன்.

கையெழுத்து வேலைதான் எனக்கு எல்லாத்திலயும் பெரிசு. ஒருத்தர் செத்து 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகம் அடிக்கிற வீடுகளில இப்ப சிலபேர் போனவரின்ர கையெழுத்தை ஒரு பலகையில கேக்கினம். ஒரு அக்கா தன்ர அப்பா வளைகுடாவில வேலை செய்யேக்க எழுதின நீல எயார் மெயில் கடிதம் ஒண்டைக் கொண்டு வந்தவ, 'அன்புள்ள மகளுக்கு' எண்ட அந்த ஒரு வரி மட்டும் போதுமாம். ளகரத்தின்ர வால் கீழ்வரி வரைக்கும் இறங்குது, 'மகளுக்கு' முடியிற இடத்தில சின்னதா மை ஊறியிருக்கு. "தம்பி, அந்த மைப் பொட்டை அழிச்சுவிடுங்கோவன்" எண்டா. "விடுங்கோ அக்கா, அது அவர் பேனையை ஊண்டிப்போட்டு யோசிச்ச இடமாயிருக்கும்" எண்டு சொன்னன், கொஞ்ச நேரம் பாத்திட்டு சரி விடுங்கோ எண்டிட்டா. கடிதத்தை 600 டிபிஐயில, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வாற மாதிரி ஸ்கான் பண்ணி, மடிப்புக் கோடுகளை மட்டும் ஒவ்வொண்டாக் கையால எடுத்து, லேசர் ஓடுற கோட்டுக்குக் கோடு 0.1 மில்லிமீற்றர் இடைவெளியில அடிச்சன், பேனை அழுத்தின இடம் தடிப்பாவும் ஓடின இடம் மெல்லிசாவும் அப்பிடியே வந்தது. இப்பிடி ஒரு வரி இருக்கேக்க நெட்டில எடுத்த பொன்மொழி ஏன் எண்டுதான் நான் எல்லாரிட்டயும் கேக்கிறன். அப்பான்ர கடிதம், அம்மம்மான்ர சமையல் குறிப்பு, பிள்ளை முதல் முதல் கோணல்மாணலா எழுதின பேர், வீட்டில தேடினா ஏதாவது ஒண்டு கட்டாயம் கிடைக்கும். வாட்ஸ்அப்பில போட்டோ எடுத்து அனுப்பாம, ஸ்கான் பண்ணி டொக்கியூமென்டா அனுப்புங்கோ, வாட்ஸ்அப் போட்டோவை நெருக்கிச் சின்னனாக்கிடும், மெல்லிய கோடெல்லாம் அதிலயே போயிடும்.

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்குக் குடுக்கிறதெண்டா செப்டம்பர் நடுப்பகுதிக்குள்ள சொல்லிடுங்கோ, எண்ணெய் பூசி அது காய நாள் வேணும். வீட்டில பளபளப்புக்கெண்டு தேங்காய் எண்ணெய் பூசாதேங்கோ, அது காயாது, பிசுபிசுத்துத் தூசி பிடிச்சு மணக்கத் தொடங்கும், தேன்மெழுகு கொஞ்சம் துணியில தொட்டுத் தேய்ச்சாக் காணும். ஏசிக்கு நேர கீழயும் குளியலறைச் சுவரிலயும் மாட்டவேண்டாம், ஈரம் கூடிக் குறையப் பலகை வளைஞ்சிடும்.