210 மெகாவாட் யூனிட்டை மூடுவது எப்படி?

எண்ணூர் அனல் மின்நிலையம் (450 மெகாவாட்) 2017 மார்ச்சோடு நின்றுவிட்டது. வடசென்னையில் வயதில் அதற்கடுத்த நிலக்கரி யூனிட்டுகள் அத்திப்பட்டில் இருக்கின்றன. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டமான அவை தலா 210 மெகாவாட், மொத்தம் மூன்று. 1994-96ல் ஓடத் தொடங்கியவை.

'630 மெகாவாட்டுக்கு சோலார் போட்டால் இவற்றை மூடிவிடலாம்' என்ற கணக்கு செல்லாது. மே மாத ராத்திரி பதினோரு மணிக்கு ஊரே ஏசி போடும்போது சோலார் பூஜ்யம். காற்றாலை ஆனி, ஆடியில் கைகொடுக்கும், ஐப்பசியில் படுத்துவிடும். வருஷத்தின் மோசமான அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

பலரும் மறப்பது வோல்டேஜ். காற்றாலையும் சோலாரும் பெரும்பாலும் தெற்கிலும் மேற்கிலும் இருக்கின்றன, மின்சாரத்தை இழுக்கும் லோடு இங்கே சென்னையில் இருக்கிறது. வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கும் ரியாக்டிவ் பவரை அவ்வளவு தூரம் லைனில் இழுத்து வர முடியாது. அதனால் பாய்லரை விற்றாலும் ஜெனரேட்டரைப் பழைய இரும்புக்குப் போடக்கூடாது என்பது என் கட்சி. டர்பைனிலிருந்து கழற்றி, ஸிங்க்ரனஸ் கண்டன்சராக, அதாவது மின்சாரம் தயாரிக்காமல் கிரிட்டோடு சேர்ந்து சுற்றி ரியாக்டிவ் பவர் மட்டும் தரும் இயந்திரமாக, சுற்றவிடலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. ரோட்டரை முன்பின் நகராமல் பிடித்து வைக்கும் த்ரஸ்ட் பேரிங் டர்பைன் பக்கம்தான் இருக்கும். இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றினால் ஜெனரேட்டருக்குத் தனியாக ஒன்று பொருத்த வேண்டும். முடுக்கிவிட ஒரு மோட்டாரோ ஃப்ரீக்வென்சி கன்வெர்ட்டரோ தேவை. பேரிங்குகளுக்கான லூப்ரிகேஷன் ஆயில், ஹைட்ரஜன் கசியாமல் தடுக்கும் சீல் ஆயில், ரோட்டரைக் காந்தமாக்கும் எக்ஸைட்டேஷன், கூலிங் வாட்டர், சுவிட்ச்யார்டு எதையும் தொடக்கூடாது. டர்பைனின் எடை போனதால் இனர்ஷியா (கிரிட் ஃப்ரீக்வென்சி சட்டென்று மாறாமல் தடுக்கும் சுழல் வேகத்தின் பிடிமானம்) குறையும். அது முக்கியமென்றால் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தைச் சேர்க்க வேண்டும்.

கடைசி ஷட்டவுனில் வரிசை முக்கியம். முதலில் கன்வேயரை நிறுத்தி, நிலக்கரி தேங்கியிருக்கும் தொட்டிகளான பங்க்கர்களை ஒவ்வொன்றாகக் காலியாக்க வேண்டும். யூனிட்டின் உற்பத்தி இறங்க இறங்க, எண்ணெய் பீய்ச்சி எரிக்கும் ஆயில் கன் போட்டு நெருப்பைக் காப்பாற்ற வேண்டும். நடுவில் யூனிட் ட்ரிப் ஆகி திடீரென நின்றுபோனால் பங்க்கரில் தங்கிய நிலக்கரி தானாகச் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும், அதைக் கீழிருந்து வெட்டி எடுப்பது நரக வேலை. புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் இஎஸ்பியின் ஹாப்பர்களையும் (சாம்பல் சேரும் தொட்டிகள்) சூடு இருக்கும்போதே காலி செய்துவிட வேண்டும். எண்ணூர்க் கடற்காற்றின் ஈரம் பட்டால் சாம்பல் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். ஜெனரேட்டரைத் திறப்பதற்கு முன், குளிர்விக்க உள்ளே நிரப்பியிருக்கும் ஹைட்ரஜனை கார்பன் டை ஆக்சைடால் வெளியேற்றி, அப்புறம்தான் காற்றை விட வேண்டும். காற்றில் ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும்.

கடைசியாக சாம்பல் குளம். நம் நாட்டு நிலக்கரியில் நூறு கிலோவுக்கு முப்பது, நாற்பது கிலோ சாம்பல். ஸ்லர்ரி (தண்ணீரில் கலந்து அனுப்பும் சாம்பல்) வரும்வரை குளத்தின் மேல்பரப்பு ஈரமாக இருக்கும். வரத்து நின்றால் காய்ந்து, பக்கத்திலேயே இருக்கும் செப்பாக்கம் வீடுகளுக்குள் பறக்கும். கொசஸ்தலையாற்றுப் பக்கம் போகும் ஸ்லர்ரி பைப்புகளை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, துண்டித்து எடுக்க வேண்டும். குளத்துக்குத் தண்ணீர் தெளிப்பு, மண் மூடாக்கு, கரைப் பராமரிப்பு எல்லாம் பல வருஷ வேலை. யூனிட் மின்சாரம் விற்றுச் சம்பாதிக்கும்போதே இதற்கான பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட வேண்டும். மூடிய பிறகு தண்ணீர் லாரிக்கு பில் போடக்கூட கணக்குத் தலைப்பு இருக்காது.