தண்டையார்பேட்டையில் ஒரு மின்கார்: நாட்குறிப்பு

மே 12

எங்கள் டியாகோ மின்காரின் பேட்டரி 24 யூனிட் மின்சாரம் கொள்ளும். ஆய்வுக்கூடச் சான்றின்படி ஒரு முழு சார்ஜில் அது 315 கிலோமீட்டர் ஓட வேண்டும். இந்த வெயிலில் ஏசியோடு 200 ஓடினால் போதும் என்றுதான் நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு என் மனைவி போய்வரும் தொலைவு இதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

மே 19

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் வெகுநேரம் நிற்க நேர்ந்தது. வண்டி நிற்கும்போது மோட்டார் மின்சாரம் எடுப்பதில்லை, ஏசிதான் எடுக்கிறது. அது மணிக்கு ஒரு யூனிட் எடுத்தாலும் எட்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்கான மின்சாரம்தான் போகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள காற்றுத்தடை 100இல் நான்கு மடங்காகிவிடுவதால், இந்தக் காருக்கு நெடுஞ்சாலையைவிட நெரிசலே மேல்.

ஜூன் 2

உறவினர்கள் எல்லோரும் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்பதைத்தான், எங்கே நிறுத்தி எப்படி சார்ஜ் போடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் மீட்டரிலிருந்து கீழ்த்தளத்துக்குத் தனி வயர் இழுத்து, எர்த் சரிபார்த்து, 15 ஆம்பியர் பிளக் பொருத்துவதற்கு அடுக்ககச் சங்கத்தின் ஒப்புதலைப் பெறுவதே காரை வாங்குவதைவிடக் கடினமாக இருந்தது. அந்த பிளக்கில் காலி பேட்டரி நிரம்ப ஏறக்குறைய ஒன்பது மணி நேரமாகும் என்றாலும், அன்றாடம் செலவாவதை ஈடுகட்ட இரண்டு மணி நேரம் போதும். இரு சக்கர வாகனமே நிறுத்த இடமில்லாத பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் 500 கிலோமீட்டர் ஓடும் கார் இருந்தும் பயனில்லை. மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு இரவெல்லாம் சார்ஜ் போட்டால் அது சூடேறி உருகக்கூடும்.

இன்னொன்று: இலவசமான முதல் 100 யூனிட்டை வீட்டு மின்விசிறிகளும் குளிர்பதனப் பெட்டியுமே தீர்த்துவிடுவதால், காரின் மின்செலவை நம் பில் எட்டும் கடைசிப் படிநிலையின் விலையில்தான் கணக்கிட வேண்டும்.

ஜூன் 16

திருப்பதி ஏறத்தாழ 135 கிலோமீட்டர். போய்ச்சேரலாம், ஆனால் சார்ஜ் போடாமல் திரும்ப இயலாது. மலையேற்றத்துக்கு மட்டும் கூடுதலாக மூன்று யூனிட் வரை செலவாகும். அதில் ஒரு பகுதி இறங்கும்போது பேட்டரிக்கே திரும்பும். விரைவு சார்ஜரில் 80 விழுக்காட்டைத் தாண்டியதும் வேகம் குறைந்துவிடுவதால், முழுமைக்காகக் காத்திருக்காமல் கிளம்பிவிடுவதே நல்லது. அந்த நேரம் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும்.

அக்டோபர் 6

மழைக்காலம் நெருங்குவதால் அம்மா கவலைப்படுகிறார். பேட்டரிக்கு உள்ள ஐபி67 தரம், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் நீர் புகாது என்பதற்கான சோதனையே தவிர, வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பியிருக்கையில் உள்ளே ஓட்டுவதற்கான அனுமதி அல்ல. கீழ்த்தள பிளக் பெட்டி முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அதை மார்பளவுக்கு உயர்த்தித் தருமாறு எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன்.