இடுப்பெலும்பை எந்த அளவுகோலால் அளப்பது?

மேலூர்ப் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக மதுரையில் கரண்ட் வைத்து (கதிர்வீச்சு சிகிச்சை தந்து) முடித்து ஓராண்டுக்கு மேலான நிலையில், உட்கார்ந்து எழும்போதெல்லாம் இடுப்பின் பின்புறம் வலிக்கத் தொடங்கியது. நோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்றே வீட்டில் எல்லாரும் முடிவுகட்டினார்கள். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்ததோ வேறு: முதுகெலும்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் திருவெலும்பின் இருபுறமும், நீர்கோத்த மஜ்ஜைக்கு நடுவே கறுத்த கோடுகளாக நுண்முறிவுகள். கீழே விழாமலேயே, உடலின் எடையைச் சுமந்ததாலேயே ஏற்பட்ட முறிவுகள் அவை.

இந்நோய்க்கு இடுப்புப் பகுதிக்கு வெளியிலிருந்து தரப்படும் கதிர்வீச்சு பொதுவாக 45 முதல் 50 கிரே வரை (கிரே என்பது உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு). அதை ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்தப் பாதையில் உள்ள எலும்பில், எலும்பைக் கட்டும் செல்கள் குறைந்து, நுண்ணிய இரத்தக்குழாய்கள் பழுதாகி, மஜ்ஜை கொழுப்பாக மாறிவிடுகிறது.

இந்தச் சேதத்தை அளக்க முதலில் நினைவுக்கு வருவது எலும்பின் அடர்த்தியை எக்ஸ்-கதிரால் அளக்கும் டெக்சா பரிசோதனைதான். ஆனால் அது வழக்கமாக அளப்பது இடுப்பு முதுகெலும்பின் முதல் நான்கு கண்டங்களையும் தொடையெலும்பின் மேற்பகுதியையும். திருவெலும்பு அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே அது தரும் டி-ஸ்கோர், அதாவது இளம் வயதினரின் எலும்படர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், எலும்புப்புரையின் எல்லையான -2.5-க்கு மேலே இருக்கிறது என்பதற்காக மட்டும் நிம்மதி அடைய முடியாது.

சிகிச்சையைத் திட்டமிடுவதற்காகத் தொடக்கத்திலேயே எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனை நான் இதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்கு -1000 என வைத்துக்கொண்டு திசுக்களின் அடர்த்தியை எண்ணாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு அதன் ஒவ்வொரு புள்ளியிலும் பதிந்திருப்பதால், திருவெலும்பின் அதே இடத்தைப் பின்னாளில் எடுக்கும் சி.டி.யோடு ஒப்பிடலாம். இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. கருவியின் மின்னழுத்தம் மாறினாலோ, படத்தில் இரத்தக்குழாய்களும் திசுக்களும் எடுப்பாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை ஒரு முறை மட்டும் ஏற்றியிருந்தாலோ எண்களும் மாறிவிடும். அதைவிட நுட்பமானது, கொழுப்பின் அளவு -100-ஐ ஒட்டியது என்பது; சுண்ணாம்புச் சத்து சற்றும் குறையாவிட்டாலும், மஜ்ஜை கொழுப்பானாலே எண் இறங்கிவிடும். எனவே இறங்கியதெல்லாம் எலும்பின் இழப்பு என்று கொள்வது தவறு. கொழுப்பையும் சுண்ணாம்பையும் பிரித்துக் காண, இரு வேறு ஆற்றலுள்ள எக்ஸ்-கதிர்களால் எடுக்கும் இரட்டை ஆற்றல் சி.டி. உதவும், அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேனில், திருவெலும்பின் இருபுறமும் குறுக்கேயும் முறிந்திருந்தால் ஆங்கில எச் எழுத்தைப் போன்ற வடிவம் தெரியும். அது முறிவுக்கான வலுவான அடையாளம். முறிவு அரைகுறையாக இருந்தால் அந்த வடிவம் தெரியாது என்பதால், பரவலா முறிவா என்ற ஐயத்தைத் தீர்க்க எம்.ஆர்.ஐ.யையே நாட வேண்டியிருக்கிறது.

பெரியம்மாவின் திட்டமிடல் சி.டி.யைக் குறுந்தகட்டில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். அது கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுக்கப்பட்டது. அடுத்ததையும் அப்படியே எடுத்துத் தருமாறு மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன்.