படம் அவர்களுடையது, பில் என்னுடையது

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். கல்யாணம், காதுகுத்து எடுப்பதில்லை. டி-ஷர்ட், லெக்கிங்ஸ், குழந்தைகள் உடுப்பு என்று வருவதை டம்மியில் மாட்டியோ, மாடலுக்கு உடுத்தியோ, மேசையில் விரித்தோ எடுத்து, விற்பனைத் தளங்கள் கேட்கும் அளவில் முடித்துக் கொடுக்க வேண்டும். அமேசானில் முதல் படம் என்றால் பின்னணி சுத்த வெள்ளை, ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றும் 255. சட்டகத்தில் 85 சதவீதத்தைப் பொருள் நிரப்ப வேண்டும். அந்த வெள்ளையில் ஒரு வெள்ளை பனியனைத் தெரியவைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

இந்தத் தொழிலில் என்ன சிரமம் என்று கேட்பவர்கள் ஃபோன் கேமரா, ஏஐ என்று பதிலை அவர்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதெல்லாம் உண்டுதான். ஆனால் எங்கள் ஊரில் ஸ்டுடியோக்கள் ஷட்டர் இறக்குவதற்கு நான் பார்த்த முதல் காரணம் வசூல். வேலை இருக்கும், பில்லும் போட்டிருக்கும், பணம் மட்டும் வராது. அப்படி நின்றுபோன ஒரு தொகையை, குறு, சிறு நிறுவனங்கள் பாக்கிக்கு மனு போட அரசு வைத்த சமாதான் தளம் வழியாக வாங்கிய கதை இது. இதே நிலையில் இருக்கும் ஒளிப்பட நண்பர்களுக்கு உதவும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

2024 ஜனவரியில், உள்நாட்டு பிராண்டு ஒன்றைப் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனிக்கு கோடைக்கால கேட்டலாக் எடுத்தோம். மாடல், மேக்கப், ரீடச் எல்லாம் என் பொறுப்பு. வேலைக்கு 3,40,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 61,200. மொத்தம் 4,01,200. ஒரு லட்சம் அட்வான்ஸ் வந்தது. எனக்குத் தரும் தொகையில் பிடித்து என் பெயரில் அவர்கள் வரித்துறைக்குக் கட்டும் 10 சதவீத டிடிஎஸ் 34,000 போக, எனக்கு வரவேண்டியது 2,67,200. மாடலுக்கும் மேக்கப் ஆளுக்கும் அன்றன்றைக்கே கொடுத்தாகிவிட்டது. ஜிஎஸ்டியோ, பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில் போட்ட கணக்குக்கு அடுத்த மாதமே கட்ட வேண்டும். ஆக, இன்னும் கைக்கு வராத பணத்துக்கும் நான் வரி கட்டியிருந்தேன்.

பிப்ரவரி போயிற்று. "அடுத்த வாரம் பார்த்துடலாம்ண்ணா" என்றார் அக்கவுண்ட்ஸ் தம்பி. படங்கள் மட்டும் அவர்களுடைய தளத்திலும், மூன்று விற்பனைத் தளங்களிலும், அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய பேனரிலும் ஜம்மென்று இருந்தன.

எனக்கு முதலில் தோன்றியது, காசு கொடுக்காதவனுக்குப் படம் எதற்கு, பதிப்புரிமை என்னுடையதுதானே, இறக்கச் சொல்லி நோட்டீஸ் விடலாம் என்பது. தெரிந்த வக்கீலிடம் போனேன். அவர் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைத் திருப்பிக் காட்டினார். ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி எடுக்கவைத்த ஒளிப்படத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அமெரிக்க ஒளிப்படக்காரர்கள் யூடியூபில் பேசும் லைசென்ஸ், பயன்பாட்டுக் காலம் எல்லாம் இங்கே எழுத்தில் வாங்கினால்தான் உண்டு. எங்கள் ஊர்க் கொட்டேஷன்களில் அந்த வரியை நான் பார்த்ததே இல்லை. வக்கீல் கடைசியில் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது: "படத்தை விடுங்க தம்பி. பில்லைப் பிடிங்க. உத்யம் இருக்கா?"

இருந்தது. லைட் வாங்க வங்கியில் கடன் கேட்டபோது அவர்களே போடச் சொன்னது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு 2020 ஜூலை முதல் இருக்கும் பதிவு இது. அரசு தளத்தில் ஆதாரும் பானும் கொண்டு இலவசமாகவே முடிக்கலாம். காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. அப்போதைய கணக்கில் முதலீடு 1 கோடிக்குள்ளும் விற்றுமுதல் 5 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். (2025 ஏப்ரல் முதல் அது இரண்டரைக் கோடி, பத்துக் கோடி.) நம் ஸ்டுடியோக்கள் எல்லாமே இதற்குள் அடங்கும். ஆனால் பதிவு வேலைக்கு முன்பே இருக்க வேண்டும். பிரச்சினை வந்தபின் பதிந்துவிட்டுப் பழைய பில்லுக்குச் சலுகை கேட்க முடியாது என்று 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் வந்தது. குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. 90 நாள் என்று இருவரும் கையெழுத்தே போட்டிருந்தாலும் 45தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அன்றைக்கு பேங்க் ரேட் 6.75. மூன்று மடங்கு 20.25 சதவீதம். என் தொகைக்கு முதல் மாத வட்டியே 4,500 ரூபாயைத் தாண்டியது. கந்துவட்டிக்காரர் கூட யோசிப்பார்.

மார்ச்சில் என் ஆடிட்டர் ஒரு மெயில் போட்டார். பில் நகல், உத்யம் சான்றிதழ், கூடவே ஒரு வரி: வருமான வரிச் சட்டம் 43பி (எச்) பிரிவின்படி, உரிய நாளுக்குள் தராமல் ஆண்டு முடிந்தால் இந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது. அந்தப் பிரிவு அமலுக்கு வந்த முதல் நிதியாண்டு அது. ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. உத்யம் இல்லாத ஆளிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் யோசிப்பதாகவும் காதில் விழுந்தது.

மெயிலுக்கு உடனே ஃபோன் வந்தது. பணம் வரப்போகிறது என்று எடுத்தேன். "அண்ணா, பில்லை ஏப்ரல் தேதிக்கு மாத்திப் போட்டுக் குடுக்க முடியுமா?" நான் வரி கட்டி, அவர்கள் அந்த ஜிஎஸ்டியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டும் எடுத்துவிட்டார்கள். எதை மாற்றுவது?

ஏப்ரலும் முடிந்த பிறகுதான் சமாதான் தளத்தில் மனு போட்டேன். உத்யம் எண், ஓடிபி, வாங்கியவரின் பெயர், முகவரி, மெயில், பில் விவரம், பாக்கி. வேலை ஆர்டரையும் பில்லையும் பதிவேற்ற வேண்டும். வேலை ஆர்டர் என்று தனியாக ஒரு தாள் இல்லை. கொட்டேஷனை நான் மெயிலில் அனுப்ப, "ஓகே, டேட் ஃபிக்ஸ் பண்ணுங்க" என்று அவர்கள் பதில் போட்டிருந்தார்கள். அந்த மெயிலையே பிடிஎஃப் ஆக்கிப் போட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். வாட்ஸப்பில் மட்டும் பேசியிருப்பவர்கள் அந்த உரையாடலைத் தேதியோடு எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதைய முறையில் மனு நேராக வாங்கியவருக்கும் போகும். 15 நாள் அவகாசம். அதற்குள் தீராவிட்டால் வசதியாக்கல் மன்றம் கையில் எடுக்கும். எல்லாரும் கவுன்சில் என்றுதான் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று மண்டல மன்றங்கள் உண்டு. வாங்கியவர் டெல்லியில் இருந்தாலும் விற்றவரின் ஊருக்கு உரிய மன்றம்தான் விசாரிக்கும். வெளியூர் பிராண்டுகளுக்கு எடுக்கிற நமக்கு இது பெரிய விஷயம்.

பதினைந்து நாளும் ஃபோன் மேல் ஃபோன். "கேஸ் எல்லாம் எதுக்குண்ணா, நாம் பேசிக்கலாமே." பேசத்தான் அத்தனை மாதம் அலைந்தேன். அப்புறம் எழுத்தில் ஒரு பதில் வந்தது: படங்களில் கலர் சரியில்லை, பாதிப் படங்களைப் பயன்படுத்தவே முடியவில்லை, ஆகவே பாக்கி இல்லை.

இதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. திருப்பூரில் கலர் என்பது விளையாட்டு அல்ல. பான்டோன் நிற எண்ணோடு சாயப்பட்டறையில் அடித்துப் பிடித்துக் கொண்டுவந்த ஷேட் படத்தில் மாறினால் ரிட்டர்ன் குவியும். அதனால் ஒவ்வொரு லைட் செட்டிங்குக்கும் கலர் செக்கர் அட்டையை வைத்து ஒரு ஃபிரேம் எடுக்காமல் நான் தொடங்குவதில்லை. வெள்ளைத் துணியில் போடும் பிரைட்னர் ஃபிளாஷின் புற ஊதாவில் நீலம் அடிக்கும். அதற்கு ஃபிளாஷ் டியூபின் மேல் யூவி தடுக்கும் கண்ணாடி போட்டே எடுப்பேன். ஒரு டீல் பச்சை மட்டும் டியூப்லைட்டில் ஒன்றாகவும் வெயிலில் ஒன்றாகவும் தெரிந்தது. அது சாயத்தின் குணம். அதை அன்றைக்கே அவர்கள் மெர்ச்சண்டைசரைக் கூப்பிட்டுக் காட்டி, எந்தக் கலரில் முடிப்பது என்று கேட்டு முடித்தோம். அந்த ரா ஃபைல்கள் எல்லாம் இருந்தன.

கடைசியில் அவை தேவைப்படவே இல்லை. சட்டத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது: பெற்றுக்கொண்ட 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், பெற்ற நாளே ஏற்றுக்கொண்ட நாள். டிரைவ் லிங்க் அனுப்பிய மெயிலின் தேதி என்னிடம் இருந்தது. அவர்களிடமிருந்து அந்த 15 நாளில் வந்தது ஒரு கட்டைவிரல் எமோஜியும் "சூப்பர்ண்ணா"வும்.

அதைவிட வலுவான ஆதாரத்தை என் ஆடிட்டர் எடுத்துக் கொடுத்தார். வருமான வரித் தளத்தில் என் 26ஏஎஸ், அதாவது என் பெயரில் யார் எவ்வளவு டிடிஎஸ் கட்டினார்கள் என்ற பட்டியல். கம்பெனி என் பெயரில் 3,40,000 ரூபாய்க்கும் கணக்கெழுதி, 34,000 டிடிஎஸ் கட்டியிருந்தது. படம் சரியில்லை என்றால் முழுப் பில்லையும் ஏன் உங்கள் புத்தகத்தில் ஏற்றினீர்கள்? ஏன் ஜிஎஸ்டி கிரெடிட் எடுத்தீர்கள்? இன்னொன்றும் உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளில் விற்றவருக்குப் பணம் தராவிட்டால் எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். இதை மன்றத்துக்குக் கொடுத்த பதிலில் ஒரு பத்தியாகச் சேர்த்தோம். மிரட்டல் போலத் தெரியாமல் எழுத ஆடிட்டர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

மன்றத்தில் முதல் கட்டம் சமரசம். கோர்ட் மாதிரி இருக்கும் என்று பயந்து போனேன். ஒரு நீள மேசை, ஃபைல்கள், வரிசையாகக் காத்திருக்கும் லேத் பட்டறைக்காரர்கள், அட்டைப்பெட்டிக்காரர்கள். ஒளிப்படக்காரன் நான் ஒருவன்தான். "போட்டோவுக்கு இத்தனை லட்சமா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். அவருடைய பாக்கி என்னுடையதைப் போலப் பல மடங்கு. எங்கள் முறை வந்தபோது கலர் பேச்சை எதிர்த்தரப்பு எடுத்தது. 15 நாளுக்குள் எழுதிய கடிதம் இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி. இல்லை. அத்தோடு கலர் முடிந்தது.

பிறகு பேரம். பாதி தருகிறோம் என்று ஆரம்பித்தார்கள். சமரசம் முறிந்தால் நடுவர் தீர்ப்பாகப் போகும். தீர்ப்பை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக நினைத்தால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. அவர்கள் வக்கீலுக்கு அது தெரிந்திருந்தது. அசல் முழுவதும் தவணைகளில், வட்டியில் ஒரு சிறு பகுதி என்று முடிந்தது. வட்டி முழுவதையும் கேட்டுப் பிடித்திருக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். 90 நாளில் முடிக்கச் சட்டம் சொன்னாலும் இந்த மாதிரி வழக்குகள் நீளும். எனக்கு அந்தக் காசு அந்தத் தீபாவளிக்கு வேண்டியிருந்தது. சமரச ஒப்பந்தத்தில் இருதரப்பும் கையெழுத்துப் போட்டால் அதற்கும் தீர்ப்புக்கு உள்ள பலம் உண்டு. தவணைகள் வந்துசேர்ந்தன, கடைசியைத் தவிர எல்லாம் தேதி தவறாமல்.

விலையும் கொடுத்தேன். "கேஸ் போடுற ஆளு" என்ற பெயர் ஒரு வட்டாரத்தில் நிலைத்துவிட்டது. இரண்டு பழைய பார்ட்டிகள் சொல்லாமல் கொள்ளாமல் வேறிடம் போனார்கள். அவர்களில் ஒருவர் இப்போது டம்மியில் எடுத்த படத்தை ஏஐ மாடலுக்கு உடுத்திப் போடுகிறார் என்று தெரிகிறது. ரிப் கழுத்தின் கோடுகள் தோள்பட்டையில் கரைந்து போயிருக்கின்றன, பிரிண்ட்டில் எழுத்து சிதைகிறது. ஆனாலும் 299 ரூபாய் டி-ஷர்ட்டுக்கு வாங்குபவர் அதைப் பார்ப்பதில்லை, இதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வேலை திரும்பி வராது. துணியின் எடையும் விழும் விதமும் தெரியவேண்டிய வேலைகள்தான் இனி எங்களுக்கு. அவை எண்ணிக்கையில் குறைவு. ஆகவே ஒரு பில் நின்றாலும் முன்னைவிட அதிகமாக அடிக்கும்.

இப்போது என் கொட்டேஷனில் பாதித் தொகை அட்வான்ஸ், மீதி முழு அளவுப் படங்களைக் கொடுப்பதற்கு முன். அதுவரை வாட்டர்மார்க் போட்ட சிறிய படங்கள்தான். கீழே உத்யம் எண், வங்கிக் கணக்குக்குப் பக்கத்திலேயே. அப்புறம் வக்கீல் எழுதிக் கொடுத்த ஒரு வரி: முழுத் தொகையும் வந்துசேரும்வரை படங்களின் பதிப்புரிமை ஸ்டுடியோவுக்கே. பெரும்பாலானவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். ஈரோட்டிலிருந்து ஒருவர் மட்டும் கவனமாகப் படித்து, அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அவருக்கும் எடுத்துக் கொடுத்தேன், மொத்தப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு.