ரெஸ்டோர் செய்து பார்த்தே பேக்கப் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன்

வீட்டுக் கணினியின் ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டது. போட்டோக்கள் வேறு டிரைவில் இருந்ததால் தப்பின. ஆனால் புது டிஸ்க்கில் விண்டோஸை ஏற்றி, மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுவி, பிரிண்டரை வழிக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இனி டிஸ்க் முழுவதையும் அப்படியே எடுத்து வைக்கும் இமேஜ் பேக்கப்தான் என்று முடிவுசெய்தேன்.

எந்த மென்பொருளின் விளம்பரத்தைப் படித்தாலும் எல்லாமே உத்தமர்கள். அதனால் ஒரே நிபந்தனை வைத்தேன்: காலி டிஸ்க், ஒரு பென்டிரைவ், பேக்கப் இருக்கும் வெளி டிஸ்க். இவ்வளவை வைத்துக்கொண்டு கணினி எழுந்து வர வேண்டும்.

விண்டோஸோடு வரும் சிஸ்டம் இமேஜ் வசதியை மைக்ரோசாஃப்டே 2017-லிருந்து கைவிடும் பட்டியலில் வைத்திருக்கிறது. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற பேக்கப் மென்பொருளின் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 தொடக்கத்தோடு முடிந்தது. குளோன்ஸில்லா இலவசம், நம்பலாம். ஆனால் கணினியை நிறுத்தி பென்டிரைவிலிருந்து எழுப்பித்தான் பேக்கப் எடுக்க வேண்டும். வாராவாரம் அதை யார் செய்வது? பழையதைவிடச் சிறிய டிஸ்க்கில் திருப்பிப் போடவும் அது பொதுவாக இடம்கொடுக்காது. கடைசியில் தேர்ந்தெடுத்தது வீம் ஏஜென்ட் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, குறித்த நேரத்தில், தானாக எடுத்துக்கொள்கிறது. முதல் முறை முழுசாக, பிறகு மாறியதை மட்டும்.

பேக்கப் சுலபமாக முடிந்தது. ஓடுகிற டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அதே அளவுள்ள காலி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிஸ்க்கை மாட்டி, வீமில் உருவாக்கிய மீட்புப் பென்டிரைவில் கணினியை எழுப்பினேன். வெளி டிஸ்க் தெரிந்தது, இமேஜும் தெரிந்தது. எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் பட்டியல் மட்டும் காலி! பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) இன்டெலின் விஎம்டி, அதாவது என்விஎம்இ டிஸ்க்குகளை நிர்வகிக்கும் வசதி, இயங்கிக்கொண்டிருந்தது. அதற்கான டிரைவர் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) பென்டிரைவில் இல்லாததால் டிஸ்க் கண்ணிலேயே படவில்லை. பழைய டிஸ்க்கை மாட்டி, இந்தக் கணினியின் டிரைவர்களையும் சேர்த்து மீட்புப் பென்டிரைவைத் திரும்ப உருவாக்கிய பிறகு டிஸ்க் வந்தது, விண்டோஸும் வந்தது. (டிஸ்க் செத்த ராத்திரியில் இதைக் கண்டுபிடித்திருந்தால் என் பாடு திண்டாட்டம்தான்.)

மீட்டெடுத்த டிஸ்க்கில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் குறியாக்கம், இல்லை. ஓடும் விண்டோஸிலிருந்து எடுத்த இமேஜில் பூட்டு சேர்ந்து வராது, மறுபடி போட்டுக்கொண்டேன். பேக்கப் முடிந்ததும் வெளி டிஸ்க்கைப் பிடுங்கி வைத்துவிடுகிறேன். செருகியே கிடந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.