இரண்டு இஞ்ச் உயர்த்திய பிறகு

மூலக்கடைப் பக்கம் ஒரு பட்டறையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். இந்தப் பகுதியே லாரிக்கானது, மாதவரத்திலிருந்து மணலி வரை எந்தத் தெருவில் திரும்பினாலும் யாராவது ஒருவர் கண்டெய்னர் லாரிக்கு அடியில் படுத்திருப்பார். நாங்களும் லாரி வேலை பார்த்துத்தான் பிழைத்தோம். மாருதி ஜிப்சி, மஹிந்திரா தார், 2023க்குப் பிறகு மாருதி ஜிம்னி என்று ஜீப் மாதிரி வண்டிகளில் காட்டுவழி ஓட்டுகிறவர்கள் வண்டியை உயர்த்தித் தரச் சொல்லி வர ஆரம்பித்தது அப்புறம்தான்.

தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவன் ஜிம்னி கொண்டுவந்தான். வண்டியை இரண்டு இஞ்ச் உயர்த்தும் ஸ்பிரிங், அதற்கேற்ற நீளமான ஷாக் அப்சார்பர், எல்லாம் அவனே வாங்கி வைத்திருந்தான். அரை நாளில் மாட்டிவிட்டேன். அலைன்மென்ட் பார்க்க அனுப்பினேன், டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம், அதைச் சரிசெய்து ஒரு தாளும் கொடுத்தார்கள். வண்டி நிமிர்ந்து நின்றது, அவனுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

நாலாவது நாள் போன் வந்தது. "ண்ணா, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல 70ல போய்ட்டிருந்தேன், ஒரு பள்ளத்துல இறங்கி ஏறுச்சு, ஸ்டீரிங் கையைப் பிடுங்கிட்டுப் போற மாதிரி ஆட ஆரம்பிச்சிடுச்சு. வண்டி நிக்கிற வரைக்கும் ஆட்டம் நிக்கவே இல்ல. பக்கத்துல அம்மா இருந்தாங்க." பின்னால் ட்ரெய்லர் லாரி வரும் சாலை அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் எங்கள் பெரிய மெக்கானிக் அண்ணன் திட்டவில்லை. அந்த அலைன்மென்ட் தாளைக் கேட்டார். டோ பச்சையில் இருந்தது, கேஸ்டர் இரண்டு பக்கமும் சிவப்பில். நான் அந்த வரியைப் படிக்கவே இல்லை. "தம்பி, சைக்கிள் ஃபோர்க் ஏன் முன்னாடி சாய்ஞ்சிருக்கு? அதை நேரா நிமித்திட்டா கையை விட்டு ஓட்ட முடியுமா?" என்று கேட்டார். கேஸ்டர் என்றால் அதுதான். சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை பின்னால் சாய்ந்திருக்கும் வரைதான், திரும்பிய சக்கரம் தானாக நேருக்கு வரும். சாய்வு குறைந்தால் ஸ்டீரிங் இலேசாகிவிடும், வேகத்தில் அலையும், கூடவே புஷ்ஷிலோ (இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம்) பேரிங்கிலோ கொஞ்சம் தேய்மானமும் இருந்துவிட்டால், ஆட்டம் தொடங்க ஒரு பள்ளம் போதும்.

ஜிம்னியின் முன் ஆக்சில் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே கட்டை. கை என்று நாங்கள் சொல்லும் இரண்டு இரும்புத் தண்டுகள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) போய் மாட்டியிருக்கும். சேசிஸ் மேலே போனால் கை கீழ்நோக்கிச் சரியும், அதோடு ஆக்சிலும் முன்பக்கமாகச் சுழலும். கை 75 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 5 செ.மீ. உயர்த்தினால் கேஸ்டரில் கிட்டத்தட்ட 4 டிகிரி போய்விடும். இதை அலைன்மென்ட் கடையில் சரிசெய்ய முடியாது. இந்த மாதிரி ஆக்சிலில் அவர்கள் கைவைக்க முடிவது டோவில் மட்டும்தான்.

ஆக்சிலைக் கொஞ்சம் பின்னால் சுழற்ற, ஓட்டை நடுவில் இல்லாமல் தள்ளிப்போட்ட புஷ் வாங்கி, அந்தக் கைகளில் லேத் பட்டறையில் பிரஸ் வைத்து ஏற்றினோம். ஏற்றும்போது அண்ணன் பக்கத்திலேயே நின்றார், ஏனென்றால் அதைத் தலைகீழாகப் போட்டால் இருக்கிற கேஸ்டரும் போய்விடும். இழந்ததை முழுக்கத் திருப்பிக் கொண்டுவரவும் கூடாது என்றார். ஆக்சிலைப் பின்னால் சுழற்றச் சுழற்ற க்ரவுன், அதாவது ஆக்சிலில் இருக்கும் கியர் உருண்டை, அதன் மூக்கு கீழே பார்க்கும், அதற்கு விசை கொண்டுவரும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸில் (மடங்கும் இணைப்பு) கோணம் கூடும், நாலு சக்கரத்துக்கும் விசை போட்டு ஓட்டும்போது அதிர ஆரம்பிக்கும். எங்கே நிறுத்துவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து பான்ஹார்ட் ராடு, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி. ஒரு முனை சேசிஸில், மறுமுனை ஆக்சிலில். வண்டி உயர்ந்தால் ராடு இன்னும் சாய்ந்து, ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்று வாங்கி, சேசிஸிலிருந்து தொங்கவிட்டு இரண்டு பக்கமும் டயர் வரை அளந்தேன். ஒரு பக்கம் 10 மி.மீ. கூடுதல், அப்படியென்றால் ஆக்சில் 5 மி.மீ. நகர்ந்திருக்கிறது. நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவந்தோம். ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடு பான்ஹார்டுக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கச் சொன்னார் அண்ணன். இரண்டும் வேறுவேறு கோணத்தில் இருந்தால், ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஸ்டீரிங் தானாகத் திரும்பும்.

நான் செய்த இன்னொரு தப்பு அப்போதுதான் தெரிந்தது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே புஷ் போல்ட்டுகளை முறுக்கிவிட்டிருந்தேன். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். நாலு சக்கரமும் தரையில் நின்று, எடை ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு.

ஸ்டீரிங் அதிர்வை அடக்கும் டேம்பரை மட்டும் பெரிதாக மாற்றினால் ஆட்டம் நின்றுவிடும் என்று நிறைய பேர் சொல்கிறார்கள். நான் அதைச் செய்வதில்லை. ஆட்டம் மறையும், காரணம் அங்கேயே இருக்கும், டேம்பர் தளர்கிற அன்று திரும்ப வரும். உயர்த்தக் கேட்டு வருகிறவர்களிடம் இப்போது முதலிலேயே சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். கட்டை ஆக்சில் வண்டியில் ஸ்பிரிங் உயர்த்தினால் உடம்புதான் மேலே போகும், க்ரவுனுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு மி.மீ. கூட அதிகமாகாது, அது பெரிய டயரால் மட்டும் வரும். தவிர, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இதையெல்லாம் கேட்டுவிட்டு வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. பழவேற்காடு மணலுக்குப் போகத்தான் என்றால், உயர்த்தத் தேவையே இல்லை, டயரில் காற்றைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அந்த ஜிம்னிக்கு எல்லாம் முடிந்து, மறுபடியும் அலைன்மென்ட் தாள் வந்தது. இந்த முறை எல்லா வரியையும் படித்தேன். பிறகு தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து 200 அடி ரோட்டில் ரெட்டேரி வரை நானே ஓட்டினேன். 70, 75, வேண்டுமென்றே ஒட்டுப்போட்ட இடங்கள் மேல் ஏற்றினேன், ஆடவில்லை. சிக்னலில் யு டர்ன் போட்டுவிட்டுப் பிடியைத் தளர்த்தியதும் ஸ்டீரிங் தானாக நேருக்கு வந்து நின்றது. தம்பி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்து அம்மாவிடம், "ம்மா, வண்டி சரியாயிடுச்சு, சாயங்காலம் கோயிலுக்குப் போலாம்" என்றான்.