நாலரைக்குப் பாஸ்பேட்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் எனக்குக் கிடைத்தது மொபைல் ஃபேஸ், அதாவது சோதனைக் கருவிக்குள் மருந்தைச் சுமந்து ஓடும் திரவம், தயாரிக்கும் வேலை. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை எடைபோட்டுக் கரைத்து, பிஎச் 4.5-க்குக் கொண்டுவந்து, வடிகட்டி, மருந்தைப் பிரித்து அளக்கும் கருவியான எச்பிஎல்சி-க்கு அனுப்ப வேண்டும். ஐபுபுரூஃபென் மாத்திரைக்கான சோதனை அது.

நான் தயாரித்தால் பீக், அதாவது மருந்து வெளிவரும்போது வரைபடத்தில் எழும் முகடு, ஒரு நிமிடம் தள்ளி வரும். அடுத்த ஷிப்ட் அண்ணன் தயாரித்தால் முந்தி வரும். காலம் (column, மருந்தைப் பிரிக்கும் குழாய்) பழசு என்றார்கள், பம்ப் சரியில்லை என்றார்கள். புதுக் காலம் போட்டும் அதே கதைதான்.

எனக்கு உறுத்தியது வேறு. ஒரு சொட்டு அமிலம் விட்டாலே மீட்டர் சடாரென்று இறங்கியது. பிஎச்-ஐ எளிதில் மாறவிடாத தாங்கல் கரைசல் (பஃபர்) என்று பள்ளியில் படித்தது இதைத்தானா?

மேடம் வந்து பார்த்துவிட்டு, "பாஸ்பேட்டோட பிகேஏ என்ன தம்பி?" என்றார். பிகேஏ என்றால் ஓர் அமிலத்தில் பாதி தன் ஹைட்ரஜன் அயனியை விட்டிருக்கும் பிஎச்.

"2.1, 7.2, 12.3 மேடம்."

"நாலரை இதுல எதுக்குப் பக்கத்துல இருக்கு?"

எதற்கும் இல்லை. பஃபர் என்பது ஒரு ஜோடி: வலுக்குறைந்த அமிலமும் அதன் உப்பும். அமிலம் சேர்ந்தால் உப்பு ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொள்ளும். காரம் சேர்ந்தால் அமிலம் கொடுத்துச் சமாளிக்கும். இரண்டும் போதுமான அளவு இருந்தால்தான் இது நடக்கும். பிகேஏ-வில் அவை சரிபாதி. அதிலிருந்து ஓர் அலகு விலகினாலே பத்துக்கு ஒன்று என்றாகிவிடும். நாலரையில் பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுவதும் டைஹைட்ரஜன் வடிவில்தான் நிற்கிறது. ஜோடி இல்லை. போதாக்குறைக்கு ஐபுபுரூஃபெனின் பிகேஏ-வும் நாலரையை ஒட்டித்தான். பிஎச் கொஞ்சம் நகர்ந்தாலும் மருந்தின் அயனிப் பங்கு மாறி, பீக் இடம் மாறிவிடும். இத்தனை நாள் காலத்தைத் திட்டியதுதான் மிச்சம்.

அன்று மாலை அசிடேட் பஃபரைச் சோதித்தேன். அசிடிக் அமிலத்தின் பிகேஏ 4.76. அமிலமும் அசிடேட்டும் தலா 0.1 மோலாராக உள்ள ஒரு லிட்டரில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மில்லி விட்டேன். மீட்டரில் கடைசி இலக்கம் மட்டும் ஒன்று குறைந்தது. அதே ஒரு மில்லியை ஒரு லிட்டர் வெறும் தண்ணீரில் விட்டால் பிஎச் 3-க்கு வந்துவிடும்.

முறையை அசிடேட்டுக்கு மாற்ற மூன்று மாதம் பேப்பர் வேலை. அதுவரை பாஸ்பேட்தான். எல்லா ஷிப்டுக்கும் ஒரே கை, ஒரே மீட்டர் என்று மேடம் சொல்லிவிட்டதால், அந்தக் கை என்னுடையதாகிப் போனது.